இரண்டு விரல் இடைவெளி

டேப்பை உடம்பில் சுற்றியதும், தெருவே அளவக்கா என்று கூப்பிடும் தையற்கார அக்கா அதற்குள் விரல் விடுவார். பெரியவர்களின் உடுப்பு என்றால் ஒரு விரல். "மூச்சு விடணும்ல." பள்ளிச் சீருடை என்றால் இரண்டு. "வளரணும்ல." விரல் உள்ளே இருக்க, டேப்பின் முனையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பிடித்து, கண்ணைச் சுருக்கி எண்ணைப் படிப்பார். வாய்விட்டு ஒரு முறை சொல்லி, நோட்டில் எழுதியதும் டேப் தானாகக் கழுத்துக்கு ஏறிக்கொள்ளும். குளிக்கும்போது மட்டும்தான் அது இறங்கும் என்று அவர் மகள் சொல்வாள்.

கடை என்பது வீட்டின் முன்னறை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, கயிற்றில் தொங்கும் நீல வெள்ளைச் சீருடைகள், அளவு கொடுப்பவர்களுக்கு மூலையில் ஒரு திரை. என் மாடியறைக்கு அந்த அறை வழியாகத்தான் படி. போகிற வருகிற நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். எனக்குப் பேச்சு சுலபத்தில் வராது. அங்கே அது குறையாகத் தெரியாது, இரண்டு பேருக்குமாக அவரே பேசிவிடுவார். ஒருநாள் என் கையிலிருந்த கவிதைப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்.

"என்ன தம்பி இது, வரியெல்லாம் பாதியிலேயே நிக்குது? துணி பத்தலையா?"

எனக்குச் சிரிப்பு வந்தது.

"சரி விடு. பத்தாத துணியில தைக்கிறவங்களும் உண்டு" என்று திருப்பிக் கொடுத்தார்.

அளவு எடுப்பதோடு அவர் நிறுத்திக்கொண்டதில்லை. போன வருடத்துப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியை வாங்குவார். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியைத் தாய் கூட்டி வந்திருந்தாள். மார்பு, இடுப்பு, உயரம் எல்லாம் போன வருடத்து எண்ணிலேயே நின்றன. அக்கா நோட்டைத் தட்டினார்.

"இவளுக்கு என்னதான் போடுற? காத்தா?"

"சாப்பிடவே மாட்டேங்கிறாக்கா."

"இவ சாப்பிட மாட்டேங்கிறாளா, நீ போட மாட்டேங்கிறியா? உன் பையனுக்குப் போன மாசம்தானே கால்சட்டை மடிப்பைப் பிரிச்சுக் குடுத்தேன். அவன் மட்டும் வேற வீட்டுலயா சாப்பிடறான்?"

தாய் முகம் கறுத்துப் போனாள். அந்தப் பெண் திரையின் ஓரத்தைத் திருகிக்கொண்டே நின்றாள். அவர்கள் படியிறங்கியதும் அக்கா மெஷினை ஓட்டினார். துணி வைக்காமலே கொஞ்ச தூரம் ஓடியது.

பொல்லாத வாய் என்று தெருவில் பெயர். வேறு தையற்காரி இல்லாததால் எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டு இங்கேயேதான் வருகிறார்கள். அந்த வாய் யாரைத் திட்டுகிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அதைப் புரிய வைத்தது ஒரு பாவாடை.

இரண்டாவது மெஷினுக்கு உறையாகக் கிடந்தது அது, மகளின் பழைய சீருடை. துணி சாம்பல் நிறத்துக்கு வெளுத்திருந்தது. கீழே, வளர வளரப் பிரித்து விடுவதற்காக உள்ளே மடித்துத் தைத்த நாலு அங்குலம் பிரிக்கப்படவே இல்லை. உள்மடிப்பில் மட்டும் புதுத்துணியின் நீலம் அப்படியே இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அக்கா பார்த்துவிட்டார்.

"அஞ்சு வருஷம் ஒரே பாவாடை. பெரியவனுக்கு மடிப்பைப் பிரிச்சுப் பிரிச்சே ஒரு நூல்கண்டு தீர்ந்துச்சு. இவளுக்கு ஊசியே எடுக்கல. அப்ப எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்வேன் தம்பி, என் பொண்ணு செலவே வெக்க மாட்டான்னு."

முட்டையும் பாலும் மகனுக்குப் போயின. அவன் பந்து விளையாடுகிறவன், ஓடுகிறவன். மகள் வீட்டில் இருப்பவள், அதனால் சட்டியில் மிஞ்சியது அவளுக்கு. கொடுமை செய்ததாக அன்றைக்கு அக்காவுக்குத் தோன்றவில்லை. அப்படித்தான் தானும் வளர்ந்திருந்தார். அவரை வயிற்றில் வைத்துக்கொண்டு அவருடைய அம்மா நூல் மில்லில் பிரசவ வலி வரும்வரை நின்றிருக்கிறாள். பிறந்த பிள்ளையை நூல் பெட்டி ஒன்றில் படுக்க வைத்தார்களாம். "பெட்டியில இன்னொண்ணு போடவும் இடம் இருந்துச்சாம்" என்று சொல்லி அக்கா சிரிப்பார். அந்தச் சிரிப்பில் யாரும் சேர்ந்துகொள்வதில்லை.

"ஆனா ஒண்ணு. உயரம் வரலைன்னாலும் உடம்பு பிடிச்சா. மார்பும் இடுப்பும் வருஷத்துக்கு அரை இஞ்ச், தவறாம. நோட்டுல இருக்கு பாரு." நோட்டில் இருந்தது. இருபத்துநாலு, இருபத்துநாலரை, இருபத்தஞ்சு. அந்த வரிசையை அவர் பரீட்சை மார்க் போலக் காட்டுவார்.

அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று. முப்பத்துமூன்றிலேயே சர்க்கரை வந்துவிட்டது. ஒல்லியானவருக்கு எப்படி என்று தெரு ஆச்சரியப்பட்டது. வலது காலில் இரண்டு விரல்களை எடுத்த பிறகு இடது காலால் மிதிக்கக் கற்றுக்கொண்டார். இப்போது கைவிரல்களும் மரத்து வருகின்றன. ஊசி ஏறினால் தெரிவதில்லை. வெள்ளைச் சட்டையில் சிவப்புப் புள்ளி விழுந்த பிறகுதான் விரலைப் பார்ப்பார். விரலை வாயில் வைத்துக்கொண்டு, துணியை முதலில் அலசுவார்.

மகளுக்கு இருபது வயது. ஆறாம் மாதத்தில் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கணவனுக்கு வேலை தூரத்துக்கு மாறியிருந்தது. தோள் எலும்பு தெரிய, வயிறு மட்டும் கொஞ்சம் தள்ளி, யாரோ கொடுத்த சுமையை ஓரமாக வைத்துக்கொண்டு நிற்பவள் போலிருந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பக்கத்துத் தெரு தாய்சேய் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனால் அது பள்ளி திறக்கும் பருவம். கயிறு கொள்ளாமல் சீருடைகள் தொங்கின. மகளும் உட்கார்ந்து பட்டன் தைத்தாள்.

"அடுத்த வாரம் போலாம்டி. அளவு நான் பாத்துக்கறேன்."

ஞாயிறு காலை தோறும் பார்த்தார். மகள் நிமிர்ந்து நிற்க, வயிற்றைச் சுற்றி டேப் போகும். எண்ணைச் சத்தமாகச் சொல்லி நோட்டில் எழுதுவார். பழைய சீருடை அளவுகள் இருந்த அதே பக்கத்தின் அடியில். "ஏறுது. ஏறுது பாரு. பிள்ளை உள்ள சட்டமா உக்காந்திருக்கு." அன்று முழுவதும் அவர் யாரையும் திட்டமாட்டார்.

பெஞ்சிலிருந்து பார்க்கிறவனுக்கு விரல்கள் தெரியும். முதல் ஞாயிறு டேப்புக்குள் ஒரு விரல் இருந்தது. மூன்றாம் ஞாயிறு இரண்டு. ஐந்தாம் ஞாயிறு மூன்று. பார்த்தேன். சொல்ல வாயெடுத்தேன். அளவு எடுப்பது அவர் தொழில், நான் யார் சொல்ல என்று புத்தகத்தைத் திறந்துகொண்டேன்.

சொன்னது மருத்துவமனை நர்ஸ்தான். தன் மகளின் சீருடையை வாங்க வந்தவர், பட்டன் தைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார்.

"ஏய், ரெண்டு தடவை வரலையே நீ? எந்திரி."

"நல்லா வளருது நர்சம்மா. நானே பாக்கறேன்" என்றார் அக்கா. நோட்டைக் காட்டினார்.

நர்ஸ் நோட்டை வாங்கவில்லை. அக்காவின் கழுத்திலிருந்து டேப்பை உருவினார். அங்குலப் பக்கத்தைத் திருப்பி, சென்டிமீட்டர் பக்கத்தை மேலே வைத்தார். மகளை வெட்டு மேசையில், சீருடைத் துணிகளின் மேலேயே படுக்க வைத்தார். வயிற்றைச் சுற்றி அளக்கவில்லை. அடிவயிற்று எலும்பில் ஒரு முனை, பிள்ளை முட்டும் உச்சியில் மறுமுனை. டேப் தோலோடு ஒட்டியிருந்தது.

"முப்பத்திரண்டு வாரம். கிட்டத்தட்ட முப்பத்திரண்டு சென்டி இருக்கணும். இருபத்தேழு இருக்கு." கண் இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தமே இல்ல. கால் வேற வீங்கியிருக்கு. நீங்க எப்படிக்கா அளந்தீங்க?"

அக்கா செய்து காட்டினார். காற்றில், டேப் இல்லாமல். வளைத்த கைக்குள் மூன்று விரல்கள் நின்றன.

"உடுப்புக்கு இடம் விடலாம்க்கா. பிள்ளைக்குத் தட்டுலல்ல கூடப் போடணும்?"

அக்கா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை உள்ள போச்சுன்னு இதுங்களுக்கே தெரியல நர்சம்மா."

அன்றே மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. மூன்று வாரம் கழித்து, இனி உள்ளே வைத்திருப்பது ஆபத்து என்று எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. ஒரு கிலோ எழுநூறு.

குழந்தையை வைத்திருந்த கண்ணாடி அறைக்கு வெளியே, துணைக்குப் போயிருந்த நான், நர்ஸ் அளவக்காவிடம் பேசியதைக் கேட்டேன். கரிசனமான குரலில்லை, பல பேருக்குச் சொல்லி அலுத்த குரல். "வயித்துலயே பட்டினி கிடந்த உடம்புக்கா. கிடைச்சதைப் பதுக்கத்தான் அது கத்துக்கிட்டிருக்கும். பின்னால அதுதான் சர்க்கரையா, பிரஷரா வரப் பாக்கும். உங்களுக்கு வந்த மாதிரி. எல்லாருக்கும் வந்தே தீரும்னு இல்ல. ஆனா இவளுக்கு அம்மா பால் குடுக்கணும், அந்த அம்மாவுக்கு முதல்ல சோறு போடணும். இவ வயசுக்கு வர்ற வரைக்கும், வந்த பிறகும், தட்டுல குறை வெக்காதீங்க. உங்க பொண்ணுக்குப் பதிமூணு, பதினாலுல ஒழுங்கா போட்டிருந்தா இன்னிக்கு இந்த வாசல்ல இத்தனை நாள் நிக்க வேண்டாம்."

"அப்ப என் பொண்ணுக்கு நான் போடாம விட்டது?"

"அதை என்கிட்ட கேட்டா?" என்று நர்ஸ் போய்விட்டார்.

முட்டை அவித்து, பால் காய்ச்சி, தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு அக்கா மூன்று வேளையும் மருத்துவமனைக்கு நடந்தார். மகள் போதும் என்றால் ஒரு சீறல். "தின்னுடி. பதிமூணு வயசுல சேர்த்து வெச்ச பாக்கி." மகளுக்குக் குமட்டும். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்குவாள்.

குழந்தை வீட்டுக்கு வந்ததும் ஒரு சட்டை தைக்க வேண்டியிருந்தது. கடையில் விற்கிற எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. அக்கா அதை மடியில் கிடத்தி மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தார். வழக்கம் கையில் இருந்தது, விரல் தானாக உள்ளே போனது. ஒரு விரல் போனதும் குழந்தைக்கும் டேப்புக்கும் நடுவே பெரிய இடம் விழுந்தது. அக்கா விரலை உருவிக்கொண்டார். டேப் தோலைத் தொட்டது. எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. நோட்டிலும் எழுதவில்லை.

அவர் துணி வெட்ட உள்ளே போன நேரத்தில் நான் மகளிடம் கேட்டேன், என் வாழ்க்கையில் நானாகத் தொடங்கிய சில பேச்சுகளில் ஒன்று அது. நோட்டில் வருடத்துக்கு அரை அங்குலம் ஏறியிருக்கிறதே, பாவாடையின் இடுப்பு மட்டும் எப்படிப் பிரிக்காமலே அஞ்சு வருஷம் பொருந்தியது என்று.

அவள் உள்ளறையை ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"உயரத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாதுண்ணா. மத்ததுக்கு மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குவேன். எண் ஏறினாத்தான் அம்மா அன்னிக்குச் சிரிக்கும். இப்ப வயித்துக்கும் அதேதான் பண்ணேன், முதுகை வளைச்சு முன்னால தள்ளி. அம்மாவுக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க."

எப்படி என்று காட்டினாள். தோள் மெல்ல ஏறியது, எலும்பெல்லாம் மறைந்தது, ஒரு கணம் நன்றாக வளர்ந்த பெண்ணாக நின்றாள். உள்ளே கத்தரிச் சத்தம் நிற்கும்வரை மூச்சை விடவில்லை.