மாதா போன குறுக்குப்பாதை

பிள்ளைகளே, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், நடந்ததைத் திருத்தாதீர்கள்.

நம் மலையில் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள ஒரே பள்ளிக்கூடம் உங்களுடையது. அதை நடத்துவது ஒரு கத்தோலிக்கச் சேவைச் சங்கம். படிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் நம்மைப் போல மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். நாம் குடியிருக்கும் லயத்து வீடுகளிலிருந்து தேயிலைக்குள் குறுக்கே இறங்கினால் சீக்கிரம் போய்விடலாம். தோட்டத்துத் துரையின் பழைய பங்களாவை, எல்ல ஊரைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களுக்கு ஹோட்டல் ஆக்கியதும் அந்தப் பாதையில் கேட் போட்டுப் பூட்டினார்கள். ரோட்டால் போனால் மலையையே சுற்ற வேண்டும்; வளைவுகளில் வேன்கள் பறக்கும். பொம்பளைப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் படிப்பை விட்டு நின்றார்கள். உங்கள் அக்காவையும் நிறுத்திவிடலாம் என்று அம்மாவே சொன்னாள்.

தலைமை சிஸ்டர் ஹோட்டலுக்குப் போய்க் கேட்டார். விருந்தாளிகளுக்கு இடைஞ்சல் என்று அனுப்பிவிட்டார்கள்.

நம் மாரியம்மன் தேர் வந்தால் துரையின் ஜீப்பே ஓரமாக நிற்கும். சாமி வரும் வழியை யாரும் மறிப்பதில்லை. மாதா திருநாள் நெருங்கியதும் நான் சிஸ்டரிடம் போனேன்.

"இந்த வருஷம் மாதா லயத்துக்கு வரட்டும் சிஸ்டர். குறுக்குப்பாதையால."

"மாதாவ வச்சு சண்டைக்குப் போறீங்களா?"

"அவங்களும் பிள்ளை பெத்தவங்கதானே. வெளங்கும்."

சிஸ்டர் சிரிப்பை அடக்கினார். "தப்பு அடிக்கிறவங்க குடிச்சிட்டு வரக்கூடாது" என்றார். சம்மதம்தான்.

மாதாவின் சுரூபத்தை நாங்கள் தூக்கினோம். முன்னால் தப்பு மேளம், பின்னால் நீங்கள் எல்லாரும். கேட்டில் காவல் நின்றவன் நம் லயத்து ஆள், எனக்கு மச்சான் முறை.

"மச்சான், என் வேலைக்கு உலை வச்சிறாதீங்க!"

"நானாடா தொறக்கச் சொன்னேன்? வழி இல்லன்னு மாதாகிட்டயே சொல்லிரு."

"செருப்பக் கழட்டுடா, சாமி நிக்குது!" என்று கொழுந்து பறிக்கிற பெண்கள் கத்தினார்கள். அவன் செருப்பையும் கழற்றினான், பூட்டையும் கழற்றினான். வெள்ளைக்காரர்கள் ஓடிவந்து படம் பிடித்தார்கள். ஹோட்டல் மேனேஜருக்குச் சிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

மறுநாள் காலை திரும்பவும் பூட்டு. பிள்ளைகளோடு நாங்களும் போய் நின்றோம். மேனேஜர் வந்தார்.

"நேத்து திருவிழா, சரி. இன்னைக்கு என்ன?"

நான் வாயைத் திறக்குமுன் அக்கா முன்னால் போனாள்.

"இன்னைக்கு ஸ்கூல் சார். தொறக்காட்டி மாதாவ கூட்டிட்டு வர்றோம். நாளைக்கும் வருவாங்க."

"தப்பும் வரும்" என்றான் தப்புக்காரன்.

மேனேஜர் வராந்தாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த விருந்தாளிகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மச்சானிடம் கையைக் காட்டினார். கேட் திறந்தது.

அக்கா ஒன்பதை முடித்து இப்போது பதுளையில் படிக்கிறாள். அனுமதி என்று யாரும் இதுவரை ஒன்றும் தரவில்லை. நாங்கள் கேட்கவும் மாட்டோம். இனி அந்தப் பாதையில் நடக்கப்போவது நீங்கள். எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், நிற்காமல் நடந்துகொண்டே பதில் சொல்லுங்கள்.