சைடிங்கில் எடுத்த அளவு

விடுப்பு முடிவதற்கு முன்பே நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை. வீட்டில் இருந்தால் மார்பில் பால் கட்டும், பால் வற்ற மாமியார் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டிவிடுவார், நான் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அழுகை வரவில்லை. வரவில்லையே என்றும் தோன்றவில்லை. ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, துவாக்குடி பஸ் பிடித்து ஆபீசில் போய் உட்கார்ந்தேன்.

பெரிய இரும்புக் கலன்கள் செய்யும் தனியார் கம்பெனி எங்களுடையது. கலனை ரயிலில் அனுப்பும்போது, வேகன் மேல் அது எவ்வளவு அகலமும் உயரமும் இருக்கலாம் என்பதற்கு ஒரு வெளிக்கோடு உண்டு. லோடிங் கேஜ் என்போம். சரக்கின் எந்த முனையும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிளாட்பார ஓரத்திலோ, பாலத்தின் இரும்பிலோ, பக்கத்துத் தண்டவாளத்தில் வருகிற வண்டியிலோ உரசும். கலன் நீளமாக இருந்தால் வளைவில் அதன் நடுப்பகுதி உள்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். அதற்கும் இடம் விட வேண்டும். இதையெல்லாம் பார்த்து வரைபடம் போடுவதும், ஏற்றிய பிறகு நேரில் போய் அளப்பதும் என் வேலை.

ஆபீசில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு கலன் வேகனில் ஏறியாயிற்று, வரைபடத்துக்கு ரயில்வே ஒப்புதலும் வந்துவிட்டது, சைடிங்கில், அதாவது சரக்கு ஏற்றும் கிளைத் தண்டவாளத்தில், அளந்து பார்ப்பதுதான் பாக்கி என்றார் மேனேஜர். வெயிலில் நான் போக வேண்டாம், வேறு ஆளை அனுப்பலாம் என்றும் சொன்னார். நானே போகிறேன் என்றேன். ஆபீசில் உட்கார்ந்திருப்பதும் வெயிலில் நிற்பதும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தது.

சைடிங்கில் மேஸ்திரி நின்றிருந்தார். லால்குடிப் பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது தாண்டியவர். கலனைச் சங்கிலி போட்டு வேகனோடு இறுக்குகிற ஆட்களுக்கு அவர்தான் பொறுப்பு. வயிற்றைச் சுமந்துகொண்டு நான் வந்துபோன நாட்களில், எங்கிருந்தாவது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடிக் கொண்டுவந்து நிழலில் போடுவார். குழந்தை விஷயத்தை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

“வாங்கம்மா. என்ன குழந்தை?” என்றார்.

“பொண்ணு.”

“மகாலட்சுமி” என்று சொல்லிவிட்டு, வேகன் மேல் இருந்த ஆட்களிடம் திரும்பி, மேடத்துக்குப் பெண் குழந்தை என்று அறிவித்தார். அவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். நானும் தலையாட்டினேன். பிறகு பையிலிருந்து டேப்பை எடுத்தேன்.

கலனின் பக்கவாட்டில் ஒரு குழாயின் வாய் நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தூசி போகாமலிருக்க அதன்மேல் மரப்பலகை வைத்து போல்ட் போட்டு மூடியிருந்தார்கள். தூக்குக்குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டு, வேகனின் நடுக்கோட்டிலிருந்து அளந்தேன். மூடி, கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை வெளியே நின்றது. நூலை நகர்த்திக் கட்டி மறுபடியும் அளந்தேன். மாற்றமில்லை. வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். குழாய் வாய் இருந்தது, மூடி இல்லை. நான் விடுப்பில் இருந்தபோது வேறொருவர் போட்ட படம் அது. கலன் எப்படி மூடிக் கட்டி வரும் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மேனேஜருக்கு போன் செய்தேன்.

“அப்ரூவ் ஆன படமாச்சேம்மா. எல்லாம் உள்ளதானே இருக்கு?”

“படத்துல மூடி இல்ல சார். வேகன்ல இருக்கு.”

சரி, நிறுத்திவிடுங்கள் என்றார். கோபப்படவில்லை. பலகையை எடுத்துவிட்டு மெல்லிய தகட்டில் மூடி செய்வதென்று முடிவாயிற்று. அந்தக் கலன் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் வழியாகத்தான் போக வேண்டும். அப்படியே அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். பயமும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை.

அடுத்த வாரம் புது மூடி போட்டதும் திரும்பவும் அளக்கப் போனேன். மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு சின்ன துணிப்பையை நீட்டினார்.

“வீட்டுல குடுத்து விட்டாங்கம்மா. கருவளையல். கண்ணு படாம இருக்கும்.”

பையை வாங்கக் கை நீட்டிவிட்டேன். அப்புறம் கை அப்படியே நின்றுவிட்டது.

“அண்ணே, குழந்தை இல்ல. பொறக்கும்போதே உசுரு இல்ல.”

அதுவரை இதை நான் யாரிடமும் என் வாயால் சொன்னதில்லை. எனக்குப் பதிலாக மற்றவர்களே எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். என் குரல், மேனேஜருக்குக் கலனின் அளவைச் சொன்னபோது இருந்த மாதிரியே இருந்தது.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்டவாளத்து ஜல்லியைப் பார்த்தபடி, “நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேம்மா” என்றார்.

“நானும் பேசாம இருந்துட்டேன்ணே.”

பையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கே எடுத்துப் போங்கள், வேறு யாருக்காவது ஆகும் என்றேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆட்கள் பக்கம் ஒருமுறை போய்வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். மூடி கோட்டுக்குள் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் அளந்தோம். அவர் ஒவ்வொரு அளவையும் மெதுவாகப் படித்துச் சொன்னார். நான் புறப்படும்வரை ஆட்கள் யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. அதற்குள் அவர்களிடம் சொல்லியிருப்பார் போல.

அன்று சாயங்காலம் கணவர் கடையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் நான் மயக்கத்தில் இருந்தபோது எல்லாவற்றையும் பார்த்தவர் அவர்தான். அதைப் பற்றி அவர் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. ரசம் ஊற்றும்போது கேட்டேன்.

“எங்க வச்சீங்க?”

“கொள்ளிடக் கரையில. அண்ணனும் நானும் போனோம். ஆழமாத்தான் தோண்டச் சொன்னேன்.”

“என்ன துணி?”

“உன் மஞ்சக் காட்டன் புடவை. பீரோலேர்ந்து எடுத்துட்டுப் போனேன். உன்கிட்ட எப்பச் சொல்றதுன்னு தெரியல.”

அந்தப் புடவை பீரோவில் இல்லாததை நான் கவனித்திருக்கவே இல்லை. ஒரு நாள் போய்ப் பார்க்கலாமா என்றேன். போகலாம் என்றார். சாப்பிட்டு முடித்தார்.

கலன் எங்கும் உரசாமல் போய்ச் சேர்ந்ததாக வெள்ளிக்கிழமை ஆபீசுக்குத் தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கொள்ளிடத்துக்குப் போனோம். கரையில் வேலிக்காத்தான் புதர்கள் ஒன்றுபோலவே நின்றன. இடையில் மழை பெய்து மண் படிந்திருந்தது. அவர் ஒரு புதருக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய் இன்னொன்றுக்குப் பக்கத்தில் நின்றார்.

“இங்கதான்னு நினைக்கிறேன்” என்றார். சொல்லும்போது அவருக்கு உதடு கோணியது.

சரி என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். எனக்கு அழுகை வரவில்லை. அவர் அழுது முடித்ததும் பஸ் ஏறி, வழியில் இறங்கிக் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.