மூடியில் மட்டும் எழுத்து

எங்கள் வைரஸ் ஆய்வுக்கூடத்தில் அந்த அம்மாவுக்குக் 'கண்ணாடிக்கத்தி' என்று பெயர். கண்ணாடியை உடைத்துக் கூர் எடுத்து, பிசினில் இறுகிய செல்களை மெல்லிய ஏடுகளாகச் சீவி நுண்ணோக்கிக்குத் தருவது பத்தொன்பது வருடமாக அவர் வேலை. வந்துபோகும் மாதிரிகளைப் பதிவேட்டில் ஏற்றியவன் நான்.

ரெட்ரோவைரஸ் செல்லை உடைத்துக்கொண்டு வெளியேறுவதில்லை. அதன் புரதங்கள் செல்லுறைக்கு அடியில் ஒன்றுகூடி, உறையை மொட்டுப்போல் வெளியே தள்ளும். மொட்டின் கழுத்தை அறுத்து விடுவிப்பதோ செல்லின் சொந்தப் புரதங்கள். வீட்டுக்காரன் சட்டையையே மாட்டிக்கொண்டு, அவனையே கதவு திறக்கவைத்துப் போகும் திருடன் அது.

ஆய்வாளரின் புது மருந்து அந்த அறுப்பைத் தடுக்க வேண்டும். படமோ தலைகீழாக வந்தது. மருந்து போட்ட செல்லில் வைரஸ்கள் விடுபட்டுக் கிடந்தன; போடாததில் மொட்டுகள் கழுத்தோடு தொங்கின.

"ரெண்டையும் மாத்திட்டீங்கம்மா," என்றார் ஆய்வாளர்.

"இல்ல சார். மாதிரிக் குழாய் வந்ததுமே பென்சில்ல சீட்டு எழுதி, பிசினுக்குள்ளயே போட்டுடுவேன். இந்தாங்க, வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க."

"சீட்டே மாறியிருந்தா?"

"அப்ப என் தலையும் மாறித்தான் இருக்கணும்."

அந்த அம்மாவின் வேலை ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்க ஆய்வாளர் கையெழுத்து வேண்டும்.

எனக்கும் அந்த அம்மாமேல் சந்தேகம்தான். என்னைப் பார்த்ததும் எதையோ மேலங்கிப் பைக்குள் மறைத்தார்: திங்கள் 11.20, செவ்வாய் 3.05. பதிவேட்டில் குறித்துவைத்தேன். புதன்கிழமை கேட்டேவிட்டேன்.

"பையில என்னம்மா?"

பஞ்சில் சுற்றிய கண்ணாடித் துண்டுகளை எடுத்து வைத்தார். "கூர் வராத கத்தி ஐயா. எத்தனை வீணாச்சுன்னு எண்ணி எழுதிடுவீங்களே!"

எத்தனை கண்ணாடி கொடுத்தேன் என்று பார்க்கப் பதிவேட்டைப் புரட்டினேன். அதே பக்கத்தில், அந்த இரண்டு குழாய்களும் வந்த அன்று நானே எழுதியது கண்ணில் பட்டது: 'எழுத்து மூடியில் மட்டும்.'

நேரே ஆய்வாளரிடம் போனேன். "டாக்டர், அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு மூடியையும் ஒண்ணா கழட்டினீங்களா?"

"ஆமா, பதப்படுத்துற திரவம் ஊத்தறப்ப... மூடி மாறிப் போயிருக்கும்," என்றார்.

மறுபடி செய்தோம், இம்முறை குழாயின் உடம்பிலேயே எழுத்து. ஒன்பதாம் நாள் படம் சரியாக வந்தது. மருந்து போட்ட செல்லில்தான் மொட்டுகள் தொங்கின. ஆய்வாளர் தலை நிமிராமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

நான் குறித்துவைத்ததை அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"நேரம் வேற போட்டீங்களா! அடிச்சிடுங்க ஐயா," என்றார்.

என் பதிவேட்டில் அடித்தல் கிடையாது. பக்கத்தில் 'கண்ணாடித் துண்டு. சந்தேகம் என் தவறு' என்று எழுதி, தேதி போட்டேன்.