கோடு போயிற்று

விருதுநகரில் எங்கள் கம்பெனியில் ஐந்து பேர். சிவகாசி அச்சகங்களுக்கு எலக்ட்ரானிக் போர்டு செய்து கொடுக்கிறோம். சென்ற காலண்டர் சீசனுக்கு முன், ஓடும் தாளைப் படமெடுத்துப் பிழை பார்க்கும் கேமராவுக்கு ஓர் அச்சகம் பவர் போர்டு கேட்டது. பன்னிரண்டு வோல்ட்டை ஒரு வோல்ட்டாக இறக்கித் தர வேண்டும். ஃபேஸ் எனப்படும் நான்கு சிறு சுற்றுகள் முறை வைத்து அந்த வேலையைப் பகிர்ந்துகொள்ளும். எதிலாவது கரண்ட் நான் வைத்த லிமிட்டைத் தொட்டால் நான்கும் நின்றுவிடும். யாராவது வந்து பட்டனை அழுத்தும்வரை திரும்ப ஓடாது. வழக்கமாக ஓடும் கரண்ட்டின் உச்சிக்கு நூலிழை மேலே அந்த லிமிட்டை வைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை.

போர்டு ஓடியது. ஆனால் கேமரா படத்தில் மெல்லிய கோடுகள் விழுந்தன. ஃபேஸ்கள் ஒரே சீரான வேகத்தில் திறந்து மூடுவதால் வரும் இரைச்சல் அது. மூன்று வாரம் காயிலை மாற்றினேன், இரைச்சல் கேமராவுக்குப் போகாமல் தகரம் வைத்து மறைத்தேன், ஒவ்வொன்றையும் டைரியில் எழுதினேன். கோடு மங்கியதே தவிர போகவில்லை.

எங்களிடம் சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டி ஊர்ப் பெண் ஒருத்தி சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அவளுடைய அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பட்டாசு ஆலையில் வேலை. ஒரு மத்தியானம் அவள் ஃபேஸ்கள் திறந்து மூடும் வேகத்தை ஒரே இடத்தில் நிற்க விடாமல், கொஞ்சம் கூடியும் குறைந்தும் ஆட விட்டாள். கோடு மறைந்தது.

"எப்படித் தாயி?" என்றார் முதலாளி.

"சரவெடி சீரா வெடிச்சா தாளம் தனியாக் கேக்கும்ல சார். முன்னபின்ன வெடிச்சா இரைச்சலோட கலந்துரும். அம்புட்டுத்தான்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, மூணு வாரமா எம்புட்டுத் தகரத்தை வெட்டுனீக! பேசாமப் பாத்திரக் கடை வச்சிருக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று டைரியில் "கோடு போயிற்று" என்று மட்டும் எழுதினேன். யார் போக்கியது என்று எழுதவில்லை. இத்தனை வருட டைரியில், செய்தவரை விட்டுவிட்டு நான் எழுதிய முதல் வரி அது.

வியாழக்கிழமை போர்டு தானாக நின்றது. பட்டனை அழுத்தினால் ஓடியது. சிறிது நேரத்தில் மறுபடி நின்றது. மறுநாள் பிற்பகல் அச்சகத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். வியாழன் காலை பதினொரு மணிக்கே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. வேகம் ஆடிக் குறையும்போது காயிலில் கரண்ட்டின் உச்சி சற்றே உயர்கிறது. அது என் லிமிட்டில் போய் இடிக்கிறது. ஆடாத வேகத்துக்கு அளந்து வைத்த லிமிட். கொஞ்சம் உயர்த்தினால் போதும், பாதுகாப்புக்கும் குறைவு வராது.

நான் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அவள் செய்ததை எடுத்துவிட்டு என் தகரத்தையே திரும்ப வைப்பார்கள் என்று நினைத்தேன். அவள் சாயங்காலம்வரை சால்டரிங்கை ஒவ்வொரு புள்ளியாகச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி பொறுமை இழந்தார். "பேசாம அந்த லிமிட்டையே தூக்கிருவமா?"

"வேண்டாம் சார்," என்றாள் அவள். "எங்க ஊர் பட்டாசு ஆலையில புகை தெரிஞ்சா கையில இருக்கிறதப் போட்டுட்டு எல்லா ரூம் ஆளும் வெளிய ஓடணும். அப்புறந்தான் என்ன ஏதுன்னு பாக்கணும். அண்ணாச்சி அளந்துதான் வச்சிருப்பாக. நான் ஆட்டுனதுதான் தப்பு. எடுத்துர்றேன்."

அவள் கீபோர்டில் கை வைத்தாள். என்னைக் குறை சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

"எடுக்காத தாயி. லிமிட்தான் இறுக்கம். நேத்தே பாத்தேன்."

"நேத்தேயா?" அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "நேத்தே சொல்லியிருந்தா இன்னைக்கு எங்கம்மையோட இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருப்பேனே அண்ணாச்சி. கேட்ட லீவை வேண்டாம்னுல்ல சொன்னேன்."

லிமிட்டை உயர்த்தினேன். பிற்பகல் சிவகாசியில் போர்டு ஒருமுறைகூட நிற்கவில்லை. படத்தில் கோடும் இல்லை. அச்சக முதலாளி முதல் டம்ளர் டீயை அவளிடம் நீட்டினார். அது அவளுக்குப் போனது அப்போதும் எனக்கு உறுத்தியது. திரும்பும்போது அவள் வேனில் என் பக்கத்தில் உட்காராமல் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து டைரியின் பழைய பக்கத்தைத் திருப்பி, "கோடு போயிற்று" என்பதன் அருகில் "புதுப்பட்டிப் பெண் செய்தது" என்று சேர்த்தேன். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில், லிமிட்டை உயர்த்தியது நான் என்று எழுதினேன். உண்மையில் இரண்டில் என்னைப் பற்றிய வரியைத்தான் முதலில் எழுதினேன்.