மானின் காதைத் துளைத்த குட்டித் துப்பாக்கி

வெர்லீன் சுட்டாளாம், கை நடுங்குகிறதாம், அதனால் ஹோபர்ட் அவளைக் கடையை விட்டு அனுப்பிவிட்டானாம். முடிவெட்டும் கடையில் இப்படி ஒரு கதை. சர்ச் வாசலில் இதற்கே கால் முளைத்து, பாவம், அவளுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று இன்னொரு கதை. அவளுக்கா கை நடுங்கும்? இன்றைக்கும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கிறாள். நம்புகிறவர்கள் நம்பட்டும். நடந்தது வேறு.

கென்டக்கி மலைக்குள், ஓடைப் பாலத்தை ஒட்டி இருக்கிற அந்தத் துப்பாக்கிக் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருபத்தாறு வருஷம் நின்றவள் வெர்லீன் ஐசன். கடைக்காரன் ஹோபர்ட், காலமான அவள் கணவனின் தம்பி. வேட்டை உரிமம் வாங்க வருகிறவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்துகிறவனும் அவன்தான்.

அந்த ஊரில் துப்பாக்கி கைமாறுவதற்கு ஒரு முறை உண்டு. கொடுக்கிறவன் தோட்டா அடுக்கும் மேகசினை உருவி, மேல்தகட்டைப் பின்னால் இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டித்தான் கொடுப்பான். வாங்குகிறவன் தன் கண்ணாலும் ஒருமுறை பார்த்துக்கொள்வான். அண்ணன் தம்பிக்குக் கொடுத்தாலும் அப்படித்தான். திறக்காமல் நீட்டுகிறவனைப் பிறகு யாரும் வேட்டைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

இலையுதிர் காலம் தொடங்கியபோது ஹோபர்ட் ஒரு புதுச் சரக்கு இறக்கினான். பழைய பட்டாளத்துக் கைத்துப்பாக்கியை அப்படியே முக்கால் அளவுக்குச் சுருக்கியது. குண்டு மட்டும் பாயிண்ட் இருபத்திரண்டு ரகம், சுண்டுவிரல் நகத்தில் நிற்கும்.

"அண்ணி, புடிச்சுப் பாருங்க. உங்க கைக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு."

பிடித்தாள். உண்மைதான். கணவனின் துப்பாக்கி அவள் கையில் எந்நாளும் அடுத்த வீட்டு மாடு மாதிரி திமிறிக்கொண்டே இருந்தது. இதுவோ உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. ஓடைக்கரைக்கு எடுத்துப் போய்த் தகர டப்பாக்களைச் சுட்டாள். உதைக்கவே இல்லை, டப்பாக்கள் வரிசையாக விழுந்தன. இரண்டு தோட்டா மட்டும் வெடிக்காமல் ஊமையாக இருந்தன.

திரும்பி வந்து அந்தக் குட்டித் துப்பாக்கிகளில் ஒன்றை ஒதுக்கி, தன் பெயர் எழுதிய சீட்டை அதன்மேல் ஒட்டினாள். அப்போதே அவளுக்கு ஒரு நெருடல். இரும்புச் சாமான், ஆளைக் கொல்லக்கூடியது. பூனைக்குட்டியைப் பார்த்த மாதிரி மனசு ஏன் இளகுகிறது?

அடுப்போரப் பெஞ்சில் தினமும் காப்பி குடிக்கிறவர்களைக் கவனித்தாள். பெரிய துப்பாக்கி என்றால் திறந்து பார்த்துக் கொடுத்து வாங்குகிற அதே கைகள், இதை மட்டும் திறக்காமலே தூக்கிப் போட்டுப் பிடித்தன. எகத்தாளக்காரன் டோர்சி அதைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு, "பேனா இருக்கு, யாருக்காவது கையெழுத்து வேணுமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"தம்பி, இதை ஒருத்தரும் திறந்து பாக்குறதில்ல. நீயும்தான்."

"அட போங்க அண்ணி. இது சுட்டா அணிலுக்குக்கூடக் கோவம் வராது."

அந்தச் சனிக்கிழமை இமோஜீன் டாக்கெட் வந்தாள். புருஷன் போனபிறகு மலைமேல் தனியாக இருக்கிறவள். கடையில் அவளும் வெர்லீனும் ஹோபர்ட்டும் மட்டும். குட்டித் துப்பாக்கியின் விலையைக் கேட்டதும், கட்டுபடியாகாது என்று இமோஜீன் உதட்டைப் பிதுக்கினாள். விசை எவ்வளவு லேசு என்று காட்ட ஹோபர்ட், வருகிறவர்களுக்குக் காட்டவென்று வைத்திருந்த ஒன்றை எடுத்தான். காலையில் ஓடைக்கரையில் அதைச் சுட்டுவிட்டு வந்திருந்தான். மேகசினை உருவினான், அதோடு விட்டான். குழலுக்குள் ஏறிவிட்ட தோட்டா மேகசினோடு இறங்கிவிடாது என்று ஊருக்கே பாடம் சொல்கிறவன் அவன்.

"பாருங்க, பட்டுன்னு வரும்."

பட்டென்று வந்தது. சுவரில் மாட்டியிருந்த மான்தலையின் இடது காதில் ஓட்டை.

சத்தம் கேட்டு வெளியே நின்றவர்கள் ஓடிவந்தபோது துப்பாக்கி கண்ணாடிப் பெட்டிமேல் கிடந்தது. "அண்ணிக்குக் கை நழுவிருச்சு. ஒண்ணுமில்ல" என்றான் ஹோபர்ட். வெர்லீன் இமோஜீனைப் பார்த்தாள். இமோஜீன் தரையைப் பார்த்தாள். நாலு பேர் முன்னால் குடும்பத்து ஆளைக் காட்டிக்கொடுக்க வெர்லீனுக்கு வாய் வரவில்லை. தானாகவே சொல்லிவிடுவான் என்று நினைத்தாள். அன்று சாயங்காலமே தன் பெயர்ச் சீட்டை உரித்து எறிந்தாள். துப்பாக்கியில் ஒரு கோளாறும் இல்லை. அதைப் பார்த்தால் கைக்குப் பயம் வருவதில்லை, அதுதான் கோளாறு.

ஹோபர்ட் சொல்லவில்லை. திங்கட்கிழமை முதல் அவள் திறந்து காட்டிய துப்பாக்கியை வாங்கி, ஆளாளுக்கு இரண்டு மூன்று முறை உள்ளே விரல் விட்டுப் பார்த்தார்கள். டோர்சி அவள் பக்கம் திரும்பாமலே, "நீங்க காப்பியை மட்டும் ஊத்துங்க அக்கா" என்றான்.

வியாழக்கிழமை இமோஜீன் தோட்டா வாங்க வந்தாள்.

"இது அப்பப்ப சிக்குது வெர்லீன், என்னன்னு பாரேன்" என்று கைப்பையிலிருந்து அந்தக் குட்டித் துப்பாக்கியை எடுத்து, திறக்காமல், முனை வெர்லீன் வயிற்றுக்கு நேராக இருக்க நீட்டினாள். பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வெர்லீன் முனையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வாங்கினாள். மேகசினை உருவினாள், மேல்தகட்டை இழுத்தாள். ஒரு தோட்டா துள்ளி விழுந்து கண்ணாடிமேல் உருண்டது.

"யாத்தே!" என்றான் டோர்சி.

"விலை கட்டுபடியாகாதுன்னீங்களே இமோஜீன். எப்ப வாங்குனீங்க?"

"வாங்கல, ஹோபர்ட்தான் சனிக்கிழமை சும்மா வச்சுக்கோன்னு..." என்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெர்லீன் கொழுந்தனைப் பார்த்தாள். "தம்பி, சனிக்கிழமை சுட்டது யாரு? இவங்க முன்னாடி சொல்லிடு. வேற ஒண்ணும் கேக்கல."

ஹோபர்ட்டின் கழுத்து சிவந்தது. "மான் சீசன் நெருங்குது அண்ணி. நான்னு தெரிஞ்சா பாடம் நடத்த விடுவாங்களா? வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல யாரும் எனக்குக் கை நடுங்குதுன்னு சொல்லலியே."

அவன் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினான். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள்.  வெர்லீன் ஆணியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்துப் போட்டு, நிதானமாக ஒவ்வொரு பொத்தானாக மாட்டினாள்.

"அண்ணி, நாளைக்குக் கடையை யாரு திறக்குறது?"

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.