பத்தொன்பது மதிப்பெண்ணும் புகைக்குழாயும்

நான்காம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் நான் வாங்கியது நூற்றுக்குப் பத்தொன்பது. அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி டீச்சர் கொடுத்த விடைத்தாளை மூன்று நாள் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். சனிக்கிழமை காலை, அம்மா பாகுக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அதைச் சுருட்டி விறகடுப்புக்குள் தள்ளிவிட்டேன். தனியாகப் போனால் பாவம் என்று துணைக்கு ஒரு பழைய நோட்டையும் அனுப்பிவைத்தேன்.

அப்போது நாங்கள் ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டில் இருந்தோம். அம்மா கல்யாண வீடுகளுக்கு அதிரசமும் முறுக்கும் போட்டுக் கொடுப்பாள். வீட்டுச் சமையலுக்கு கேஸ், பட்சணத்துக்குப் பின்பக்கம் செங்கல் அடுப்பு. அதன் புகை போக, தகரக் குழாய் ஒன்று சிமெண்ட் ஷீட் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும். துளையை ஒட்டியே ஷீட்டைத் தாங்கும் மரச்சட்டம். அதே சட்டம்தான் சுவரைத் தாண்டி, நானும் தம்பியும் படுக்கும் அறைக்கு மேலேயும் ஓடியது.

பேப்பர் பற்றிய கொஞ்ச நேரத்தில் குழாய்க்குள் ஒரு சத்தம் கிளம்பியது. ஆவடி ஸ்டேஷனில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் வண்டிபோல இருந்தது. குழாயின் அடிப்பாகம் சிவந்துகொண்டே வந்தது. பக்கத்து வீட்டு அக்கா தெருவிலிருந்து கத்தினார். "யக்கா, உங்க ஊட்டு கொயாய்லேர்ந்து நெருப்பா கொட்டுது, இன்னான்னு பாரு."

அம்மா பாகை இறக்கி வைத்துவிட்டு, அடுப்பு வாயில் பெரிய தோசைக்கல்லைச் சாத்தி, இடுக்கெல்லாம் ஈரச் சாக்கைத் திணித்தாள். ஐந்து நிமிடத்தில் சத்தம் நின்றது. நின்ற பிறகுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. நெருப்பு அணைந்துவிட்டதா, உள்ளே எங்கேயாவது பதுங்கியிருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அம்பத்தூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். போன் போட்டதும் பைக்கில் வந்து சேர்ந்தார். நைட் ஷிப்ட் முடிந்து அப்பாவும் வந்துவிட்டார். மாமா குழாயைத் தொடாமல், புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். நன்றாக ஆறும்வரை காத்திருந்து குழாயின் இணைப்பைக் கழற்றினார். அம்மா பொட்டு வைத்துக்கொள்ளும் கண்ணாடியை அடியில் சாய்த்துப் பிடித்து, டார்ச் அடித்து, குழாயின் உள்பக்கத்தைப் பார்த்தார். பிறகு ஒரு கம்பியை விட்டுச் சுரண்டினார்.

எரிந்த காகிதத்தில் எழுத்து வெள்ளையாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறை கரி கொட்டும்போதும், என் பத்தொன்பது எங்கே வந்து விழுகிறதோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

விழுந்ததெல்லாம் தார் மாதிரி பளபளக்கும் கெட்டிக் கரிதான். மாமா ஒரு துண்டை எடுத்து நசுக்கி முகர்ந்தார்.

"இன்னாக்கா விறகு வைக்கிற?"

"சவுக்குதான். வேற இன்னா வைக்கப்போறேன்" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே, சுவரோரம் கிடந்த பலகைத் துண்டுகளைக் காலால் சாக்குக்கு அடியில் தள்ளினாள். அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலைகளில் பெட்டி உடைத்து மூட்டையாக வரும் பலகை அது. அம்புக்குறியும் கண்ணாடி டம்ளர் படமும் அச்சடித்திருக்கும். மாமா நிற்க இடம் பண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

"சட்டத்துக்குள்ள கங்கு இருந்தா வெளிய தெரியாது. நீங்கல்லாம் தூங்கும்போதுதான் புடிக்கும். மேல ஏறிப் பார்த்துடணும்" என்றார் மாமா.

சிமெண்ட் ஷீட்டில் ஆணி வரிசைமேல்தான் கால் வைக்க வேண்டும். ஒரு அடி தள்ளி வைத்தால் ஆள் நேராகக் கீழே வருவார். எதிர்வீட்டில் ஓட்டை அடைக்க ஏறிய மேஸ்திரி அப்படி விழுந்து இடுப்பு உடைந்ததைத் தெருவே பார்த்திருக்கிறது. மாமா கனத்த ஆள். அதனால் அப்பா ஏணியில் கால் வைத்தார்.

பள்ளிக்கூடத்தில் குற்றவாளி கிடைத்துவிட்டால் விசாரணை முடிந்துவிடும். இங்கேயும் அப்படித்தான் என்று நம்பி அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். "ஏறாதப்பா. நான்தான் பேப்பர் போட்டேன்."

அப்பா மூன்றாம் படியில் நின்று திரும்பினார். "இன்னா பேப்பர்?"

"கணக்கு."

"எவ்ளோ?"

"பத்தொம்போது."

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

"காயிதம் போட்டா இப்டித்தான் ஆவும்" என்றார் மாமா, கம்பியைத் துடைத்துக்கொண்டே.

அப்பா ஏறுவதை நிறுத்தவில்லை. எங்கள் தலைக்குமேல் ஷீட் முனகியது. சத்தம் போகும் திசையிலேயே அம்மாவும் நானும் கீழே நகர்ந்தோம். அவள் என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் பதிந்து வலித்தது. "உள்ள சூடு கீது, தண்ணி குடு" என்று மேலிருந்து குரல் வந்தது. மாமா ஏணியில் நின்று வாளி வாளியாக ஏற்றிவிட்டார். உஸ்ஸென்று ஆவி வந்தது. குழாயை ஒட்டி ஒரு முழ நீளத்துக்குச் சட்டம் கருகி, நடுவில் கங்கு இருந்ததாம். அப்பா இறங்கித் தரையில் கால் வைத்த பிறகுதான் அம்மா என் கையை விட்டாள். அன்றைக்கு நாங்கள் பக்கத்து வீட்டில் படுத்துக்கொண்டோம்.

ரப்பர் தொலைத்தாலே முதுகில் வைக்கும் அம்மா, அன்றைக்கு என்னைத் தொடவில்லை. மறுநாள் கேஸ் அடுப்பில் போட்ட முதல் அதிரசத்தை, சாமிக்குக்கூட வைக்காமல், என் கையில் கொடுத்தாள். உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு என்று தின்றேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குச் சவுக்கு மட்டும்தான் வந்தது.

பெட்டிப் பலகை பிசின் மரம், குழாயெல்லாம் தார் பிடிக்கும், அடுப்பில் வைக்காதே என்று அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாராம். அம்மா அவருக்குத் தெரியாமல் அதைத்தான் வருஷக் கணக்கில் எரித்துக்கொண்டிருந்தாள். மாமா ஒருநாள் என்னிடம் இதைச் சொன்னபோது எனக்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தது.

அதுவரைக்கும் சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம், பேப்பரைப் போட்டு வீட்டைக் கொளுத்தப் பார்த்தவள் என்று அப்பா என் கதையைச் சொல்லுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா மட்டும் கதை ஆரம்பித்ததுமே எழுந்து உள்ளே போய்விடுவாள். பெண்ணைக் கேலி செய்வதைப் பொறுக்கமாட்டாமல் போகிறாள் என்று நினைத்து, நான் அத்தனை வருஷமும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.