நாத்தனாரின் ஆணி

எங்கள் வீட்டு வாசல் நிலையின் இடதுகாலில், தோள் உயரத்தில், ஒரு ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது. சுண்டுவிரல் பருமன். கொல்லுப்பட்டறையில் அடித்த பழைய இரும்பு. அதைச் சுற்றி மரம் மை கொட்டியதுபோல் கறுத்திருக்கும். முதல்முறை வருகிறவர்கள் சட்டையோ துண்டோ முந்தானையோ கிழியாமல் உள்ளே வந்தது அபூர்வம். பெண் பார்க்க வந்தவர்கள், ஓட்டுக் கேட்க வந்தவர்கள் என்று யாருக்கும் அது விலக்கு அளித்ததில்லை. எல்லாக் கட்சிக் கரைவேட்டிக்காரர்களின் சட்டையையும் பதம் பார்த்திருக்கிறது. "சுத்தியல் இருந்தா குடுங்க, ஒரே அடியில உள்ள இறக்கிடுறேன்" என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் சுத்தியல் உண்டு. கொடுத்ததில்லை. அது என் நாத்தனாரின் ஆணி.

நாத்தனார் என் கணவருக்கு மூத்தவர். கல்யாணமான மூன்றாம் வருஷம் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தாய்வீடு திரும்பியவர். நான் வாழ வந்தபோது அந்தக் குடிசைக்கு அவர்தான் ராணி. குடிசை மிராசுதார் நிலத்து ஓரத்தில் இருந்தது. எங்கள் தெரு முழுக்கவே அப்படித்தான். நான் வருவதற்கு முன்பு, கூலிநெல் கூட்டிக் கேட்ட காலத்தில், ஒருநாள் மிராசு ஆட்கள் வந்து வீடுவீடாகக் கதவை உதைத்துத் தள்ளியிருக்கிறார்கள். கதவென்றால் கீற்றுத் தட்டி. "ஒரு உதைதான். தட்டியோட சேர்ந்து நானும் விழுந்தேன்" என்பார் நாத்தனார். அடிபட்டதை அவர் பெரிதாகச் சொன்னதில்லை. கதவு விழுந்ததைத்தான் சொல்லிக்கொண்டே இருப்பார். உதைத்தால் விழாத ஒரு கதவு வேண்டும் என்பது அன்றைக்கு அவர் மனதில் விழுந்த ஆசை. பிறகு ஆட்சி மாறி, குடியிருந்த மனை குடியிருந்தவர்களுக்கே என்று சட்டமும் வந்து, பட்டாக் காகிதம் கையில் கிடைத்தது. காகிதம் வந்ததே தவிர, கதவு வரவில்லை. மரம் வாங்க எங்களுக்கு வக்கில்லை.

அப்படி இருக்கையில் ஒரு ஐப்பசிக் காற்றில் கொல்லையில் நின்ற பெரிய வேம்பு வேரோடு சாய்ந்தது. குடிசைமேல் விழாமல் வாய்க்கால் பக்கம் விழுந்ததே பெரிய புண்ணியம். தெருவே வந்து உச்சுக்கொட்டியது. நாத்தனார் மட்டும் அடிமரத்தைக் கையால் சாண்போட்டு அளந்துகொண்டிருந்தார். "நிலை ஒண்ணு, கதவு ஒண்ணு, மிச்சத்துல நாலு சட்டம்" என்றார்.

இரண்டாம் நாளே மிராசின் காரியக்காரர் வந்துவிட்டார். வரப்பில் நின்றபடியே, "பட்டா மண்ணுக்குத்தான் குடுத்துருக்கு. மரம் மிராசு மரம். கை வச்சா தாசில்தார்கிட்ட எழுதிருவேன்" என்றார். நாத்தனார், "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு, அவர் தலை மறைந்ததும் என் கணவரைப் பட்டுக்கோட்டைப் பக்கம் அனுப்பினார், மரம் அறுக்கிறவர்களைக் கூட்டிவர. ஒரத்தநாட்டு மரவாடிக்கு வண்டி கட்டினால் கப்பிரோட்டிலேயே மறித்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. "வெளிய போனாத்தானே புடிப்பாங்க. வேலிக்குள்ளயே அறுத்துருவோம். மரமா கெடந்தா மிராசு மரம்பாங்க. நிலையா நின்னுருச்சுன்னா எவன் வந்து புடுங்குவான்?" என்றார். சட்டம் அப்படிச் சொல்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

வந்தவர்கள் அண்ணன் தம்பி இருவர். எங்கள் ஊரில் ஒரு ஆள் ஆழம் தோண்டினால் ஊற்றுக் கண்டுவிடும். அதனால் கீழாள் நின்று அறுக்கக் குழி வெட்டாமல், தென்னங்கட்டைகளைக் கத்தரிக்கோல் விரித்தாற்போல் கத்தரிமாத்தாக நிறுத்திக் கட்டி அதன்மேல் வேம்பை உருட்டி ஏற்றினார்கள். அண்ணன் மேலே, தம்பி கீழே. அடுப்புக்கரியைக் குழைத்து நூலில் தடவி, இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் மரத்தின்மேல் நேராக ஒரு கறுப்புக்கோடு விழும். ரம்பம் வைக்குமுன் அண்ணன்காரர் கேட்டார்: "அக்கா, மரத்துல ஆணிகீணி உண்டா?" அது அவர்கள் வழக்கம், இரும்பில் பட்டால் ரம்பத்தின் பல்லும் போகும், பிழைப்பும் போகும். நாத்தனார் கொஞ்சமும் யோசிக்காமல், "எங்க அப்பா மேல சத்தியமா இல்ல" என்றார்.

ரம்பம் ஏறி இறங்க, மரத்தூள் மாவுபோல் கொட்டியது. காற்றில் பறந்த தூளில் சோறும் குழம்பும் மூன்று நாள் கசந்தன. எனக்கு அந்தக் கசப்பு பிடித்திருந்தது. கதவு வருகிறது என்று அதற்கு அர்த்தம். இரண்டாம் நாள் உச்சிப்பொழுதில், மூன்றாவது கோட்டில், ரம்பம் கிரீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. கீழே இருந்த தம்பி தலையில் போட்டிருந்த துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்தார். ரம்பத்தில் நான்கு பல் போயிருந்தது. உளிபோட்டுக் கொத்திப் பார்த்தால், மேல்மரம் நாலு விரல்கடை மூடியிருக்க, உள்ளே ஆணி. அண்ணன்காரர் கோபப்படாமல், "அப்பா மேல சத்தியம் பண்ணினீங்களேக்கா" என்றார். நாத்தனார் குனிந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவருதான் அடிச்சிருக்காரு" என்றார்.

போராட்டக் காலத்தில் என் மாமனார் அந்த வேம்பில்தான் செங்கொடி கட்டியிருந்தார். கம்பைத் தாங்க ஒரு ஆணி. பல வருஷம் பறந்து துணி நைந்து கிழிந்தது, கம்பு உளுத்து விழுந்தது, மாமனாரும் போய்ச் சேர்ந்தார். "இரும்பை மரத்துல விட்டுட்டுப் போற ஆளா எங்கப்பா? புடுங்கி வேற எதுக்காச்சும் வச்சிருப்பாருன்னுல்ல நெனச்சேன்" என்று புலம்பினார் நாத்தனார். தம்பி அரம் எடுத்துப் பல் தீட்ட உட்கார்ந்தார். வேலை அரைநாள் நின்றது. அந்த அரைநாள்தான் வினையாகப் போயிற்று. மறுநாள் காலை மரம் பாதி அறுபட்ட நிலையில் கிடக்கும்போதே ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். பின்னாலேயே கர்ணம், காரியக்காரர்.

நான் கதவு போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன். காரியக்காரர் அடங்கல் கணக்கு, மிராசு, பராமரிப்பு என்று அடுக்கினார். அந்த மரத்துக்குக் காலமெல்லாம் காவல் இருந்ததே மிராசு ஆட்கள்தான் என்றார். நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இன்ஸ்பெக்டரை மரத்தருகே வரச்சொல்லி ஆணியைக் காட்டினார். யார் அடித்தது, எதற்கு அடித்தது என்று சொன்னார். பிறகு காரியக்காரர் பக்கம் திரும்பி, சண்டைக் குரலே இல்லாமல், சந்தேகம் கேட்பதுபோல் கேட்டார்: "உங்க மரம்னா, எங்க கொடி அத்தனை வருசம் அதுல எப்படிங்கய்யா நின்னுச்சு?"

காரியக்காரர் கர்ணத்தைத் திரும்பிப் பார்த்தார். அனுமதித்தோம் என்றால் மிராசுதார் முகத்தில் விழிக்க முடியாது. தெரியாது என்றால் ஊரே சிரிக்கும். ரோட்டிலிருந்தே தெரிந்த கொடி அது. தடுக்க முடியவில்லை என்றால் மரம் அவருடையதில்லை. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான் துடைத்தார் என்று இன்றைக்கும் சொல்வேன். "அறுங்கம்மா" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

ஆணிக்கு ஒதுங்கிக் கோடு போட்டதால் நிலையின் இடதுகால் வலதுகாலைவிட ஒரு விரல் பருத்துப்போயிற்று. மேல்மரத்தைச் செதுக்கி எடுத்ததில் வெளியே நீட்டிக்கொண்ட ஆணியைத் தட்டி இறக்கிவிடலாம் என்றார் தச்சர். நாத்தனார் சம்மதிக்கவில்லை. வேர்ப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே வைத்து, ஆணி வாசலைப் பார்க்க நிறுத்தச் சொன்னார். கதவு மாட்டிய அன்று எங்களை வெளியே நிறுத்தி உதைக்கச் சொன்னார். என் கணவர் உதைத்துவிட்டு இரண்டு நாள் நொண்டினார்.

நாலைந்து வருஷம் கழித்து அதே காரியக்காரர் அறுவடைக்கு ஆள் கேட்டு வந்தார். அதற்குள், ஆட்கள் கூலிவேலை கேட்டு மிராசு வீடிருந்த மேலத்தெருவைத் தேடிப்போன காலம் மாறியிருந்தது. வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தவர், உள்ளே யாரும் திரும்பாததால் ஒரு அடி எடுத்து வைத்தார். ஆணி அவர் துண்டைப் பிடித்துக்கொண்டது. "உட்காருங்கய்யா, தச்சுத் தரேன்" என்றார் நாத்தனார். மேலத்தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த முதல் மனிதர் அவர்தான். விரல் நீளக் கிழிசல். நாத்தனார் அதை அரைமணி நேரம் தைத்தார், தைத்தபடியே வேம்பின் கதையை ஒன்றுவிடாமல் அவரிடமே சொன்னார். கடைசியில் அவரே, "நான் என்னத்தச் சொல்றது, வாயடைச்சுப் போயிட்டேன்" என்று சிரித்துவிட்டார். அதன்பின் எத்தனை சட்டை, எத்தனை முந்தானை. ஊசிநூல் டப்பா நிலைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

நாத்தனார் போய் ஆறு வருஷமாகிறது. சாயங்கால வேளையில் அவர் நினைப்பு அதிகமாக வரும். பக்கத்தில் இருந்தால் தேவலை என்றிருக்கும். போன வாரம் இன்டர்நெட் கேபிள் இழுக்க ஒரு பையன் வந்தான். சட்டைக்கை கிழிந்தது. "மெஷின் வச்சிருக்கேங்கம்மா, ஆணியை அறுத்து எடுத்துரவா?" என்றான்.

"வேணாம் தம்பி. சட்டையைக் கழட்டிக் குடு, உட்காரு" என்றேன்.

சின்னக் கிழிசல்தான். வேம்பின் கதையைச் சொல்லிக்கொண்டே மெதுவாகத்தான் தைத்தேன், ஆனாலும் கதையில் இன்ஸ்பெக்டர் சைக்கிளை விட்டு இறங்கும் இடத்துக்குள் தையல் முடிந்துவிட்டது. பையன் கேபிளை மறந்து, "அப்புறம் என்னாச்சுங்கம்மா?" என்றான். போட்ட தையலில் நாலைப் பிரித்துவிட்டு, ஊசியில் மறுபடி நூல் கோத்தேன்.